முறுக்குப் பட்டறைக்குப் பத்தாவது ஆள்

சட்டத்தைத் தலைகீழாகச் சொல்வேன் என்று மார்தட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். சட்டத்தை நிஜமாகவே தலைகீழாகப் படித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், எங்கள் பட்டறைக்கு எதிர் வரிசையில் இருந்த ஒரு அச்சாபீசில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். ஈய எழுத்துகளைப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, தலைகீழாகவே படித்துப் பிழை பார்த்த முப்பது வருஷப் பழக்கம். நேராக அச்சடித்த காகிதத்தைக் கொடுத்தால் அவருக்குக் கண்ணைக் கட்டும். தினசரிப் பேப்பரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் தேர்தல் முடிவு படிப்பார்.

ஊரில் அவரை 'ஷரத்து' என்போம். சட்டத்தின் உட்பிரிவுக்குக் கோர்ட்டுக் கச்சேரித் தமிழில் ஷரத்து என்று பெயர். எதைப் பேசினாலும் "அதுக்கு ஒரு ஷரத்து இருக்குதுபா" என்று ஆரம்பிப்பார். புதிதாக மாற்றலாகி வந்த தபால்காரர், மனிதரின் பெயரே சரத் என்று நினைத்துக்கொண்டு பல மாதம் 'சரத் சார்' என்று கூப்பிட்டார். இவரும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஷரத்துப் பைத்தியம் அவரைப் பிடித்த கதை சுருக்கமானது. சித்தூரில் ஒரு அரிசி மில். தொழிற்சாலைச் சட்டத்தின் சுருக்கத்தைத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த பாஷையில் அச்சடித்துச் சுவரில் தொங்கவிட வேண்டும் என்பது விதி. அந்த மில்லில் பெரும்பாலோர் தமிழ்க்காரர்கள். தமிழ் எழுத்துக்கு எங்கே போவது என்று மில்காரர் காஞ்சிபுரத்துக்கு வந்தார். வேலை ஷரத்துவின் கையில் விழுந்தது. மூன்று நாள் கோத்தார். கோத்து முடித்தபோது அவர் வேறு மனிதராக எழுந்தார். பிழை பார்த்த பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார். வசதியாகப் படிப்பதற்காகத் தலைகீழாக ஒட்டினார்.

அன்றிலிருந்து ஊருக்குச் சனி பிடித்தது. பட்டுக்கடை, காபி ஓட்டல், சைக்கிள் கடை, எதையும் விடவில்லை. சட்டத்தின் இருபதாவது பிரிவு எச்சில் தொட்டியைப் பற்றியது. வேலை செய்யும் இடத்தில் எச்சில் தொட்டி வைக்க வேண்டும், அதைச் சுத்தமாகவும் வைக்க வேண்டும். அந்த இருபதின் மேல் அவருக்கு ஏற்பட்ட காதலுக்கு அளவே இல்லை. ஒரு பட்டுக்கடையில் கல்யாணக் கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்தில் உள்ளே போய், "எச்சித்தொட்டி எங்க வெச்சிகிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மணப்பெண்ணின் அம்மா எடுத்த புடவையை அப்படியே கீழே போட்டுவிட்டாள்.

இன்னொரு நாள் காபி ஓட்டலில் தண்ணீர்ப் பானைக்கும் கழிப்பிடத்துக்கும் இடையே இருபதடி இருக்கிறதா என்று அளந்தார். அளப்பதற்கு அவரிடம் இருந்தது எழுத்துக் கோக்கிற சின்ன இரும்புச் சட்டம் ஒன்றுதான். முக்கால் சாண்கூட இருக்காது. அதைத் தரையில் வைத்து வைத்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து, இட்லி தின்கிறவர்களின் கால்களுக்கு நடுவே அரை மணி நேரம் அளந்தார். பாதியில் யாரோ "சார், ஒரு சட்னி" என்று கூப்பிட்டதில் கணக்கு மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இதையெல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஆடி மாதம் எங்கள் பட்டறையில் அந்தச் சம்பவம் நடக்கும்வரை.

எங்களுடையது முறுக்குப் பட்டறை. பட்டு நூலுக்கு முறுக்கேற்றுகிற இடம். பெங்களூரிலிருந்து வருகிற பட்டு இழை தனியாகத் தறியில் நிற்காது. இரண்டு மூன்று இழையைச் சேர்த்து முறுக்கினால்தான் அது நூல். ஒரு மோட்டார், கூரையோரம் ஓடுகிற ஒரு இரும்புத் தண்டு, அந்தத் தண்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் இறங்குகிற தோல் பெல்ட். பெல்ட்டுக்கு மூடி கிடையாது, வலை கிடையாது. நான் அங்கே வருகைப் பதிவு எழுதி, நூலை நிறுத்துக் கொடுக்கிற ஆள். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். கல்யாண மாதங்களில் வேலை மலைபோலக் குவிந்தாலும் முதலாளி பத்தாவதாக ஒருவரைச் சேர்க்க மாட்டார். ஒன்பதுதான் ராசி என்பார்.

நடு மிஷினில் தனகோட்டி. முப்பது வயது இருக்கும். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுவாள். பெல்ட் அவள் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. ஒரு நாள் காலை ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து அவள் முந்தானையைத் தூக்கிப் பெல்ட்டில் கொடுத்துவிட்டது. நான் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவதற்குள் அவளை மிஷினோடு சேர்த்து இழுத்துவிட்டது. அவள் கட்டியிருந்தது நைந்துபோன நூல் சேலை. அது டர்ரென்று கிழிந்து அவளை விட்டது. எங்கள் ஊர்ப் பட்டாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது. இல்லாமைதான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. வலது கையில் இரண்டு விரல் முறிந்தது, அவ்வளவோடு போனது.

முதலாளி கெட்டவர் இல்லை. ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். கம்பி வலை என்ற பேச்சு வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. தனகோட்டி கட்டுப்போட்ட கையோடு நேராகச் சொல்லிவிட்டாள்.

"பெல்ட்டுக்குக் கூண்டு போடுங்க, வரேன். இல்லன்னா அந்த எடத்துல நான் உக்கார மாட்டேன்."

"இத்தினி வருசம் உக்காந்துக்கினு இருந்த எடம்தானேம்மா?"

"அப்ப தெரியலீங்க. இப்ப முதுவுப் பக்கம் அது ஓடிக்கினு இருந்தா எனக்கு மூச்சு நின்னுப்புடுது."

முதலாளி கெடு வைத்தார். ஆயுத பூஜை வரைக்கும் அவள் இடம் காலியாக இருக்கும். அதற்குள் வராவிட்டால் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துப் புது ஆள். தனகோட்டிக்குப் புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகள். விரல் வளைந்துபோனவளை வேறு எந்தப் பட்டறையும் சேர்க்காது. அவளுக்கு இருந்தது அந்த இடம் ஒன்றுதான், அந்த இடத்தில்தான் அவளால் உட்கார முடியவில்லை.

செய்தி கேட்டு ஷரத்து அவள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். வந்தவர் உட்காரவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருவத்தொண்ணுபா" என்றார் என்னிடம். "சுத்தற எதையும் மூடி வெக்கணும். அதான் இருவத்தொண்ணாவது பிரிவு. இருவதுக்குப் பக்கத்துலயே இருந்துகிது. நான்தான் எச்சித்தொட்டியையே புடிச்சிக்கினு ஊரைச் சுத்திக்கினு இருந்துட்டேன்."

அவர் அப்படித் தன்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று மாலையே மனு எழுதினார். சட்டச் சுருக்கத்தின் அடியில் எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று விலாசம் போட்டிருக்கும் அல்லவா, அந்த விலாசத்துக்கு எழுதினார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இங்கிலீஷில். ஷரத்துவுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கோக்கத் தெரியும், படிக்கத் தெரியாது. என்னிடம் ஓடி வந்தார். பிரித்துப் பார்த்தேன். ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தது.

"என்னா சொல்றாங்க?"

"காஞ்சிபுரம் எங்க மாநிலத்துல இல்லன்றாங்க சார்."

சித்தூர் மில்லுக்காக அச்சடித்த காகிதத்தில் வேறு எந்த ஊர் விலாசம் இருக்கும்? அவர் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்து, ஊரையே ஆட்டிவைத்த சட்டக் காகிதம் முழுவதும் ஆந்திராவுடையது. மனிதர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பதில் போட்டுட்டாங்க பாத்தியா? கவர்மெண்ட் பதில் போடுதுபா."

"ஏன் சார், காஞ்சிபுரம் ஆந்திராவுல இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சித்தூரு நம்மகூட இருந்துச்சி, அங்க போச்சி. திருத்தணி அங்க போச்சி, திரும்பி வந்துச்சி. மெட்ராஸ் ராஜ்யம்னு இருந்தோம், இப்ப தமிழ்நாடுன்றாங்க. இந்த நெலமையில நாம எங்க இருக்கோம்னு எழுத்து மூலமா ஒருத்தர் சொல்றது நல்லதுதானே? சட்டம் ஒண்ணுதான்பா, டில்லியில போட்டது. ஆனா ரூலும் இன்ஸ்பெக்டரும் அந்தந்த ராஜ்யத்தோடது. எந்த ராஜ்யம்னு தெரிஞ்சாத்தான் எந்தக் கதவத் தட்டறதுன்னு தெரியும். இப்ப ஒரு கதவு கழிஞ்சிபோச்சி, பாக்கி ஒண்ணுதான்."

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் காட்டினார். காஞ்சிபுரம் ஆந்திராவில் இல்லை என்பதற்கு அரசாங்கச் சான்று வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த மனு சென்னைக்குப் போனது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அதனால் பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. எங்களுக்கு முறுக்கு என்றால் நூல்தான். பட்டு முறுக்கு என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மனுவின் வாசகம் இது: 'எங்கள் ஊர் முறுக்குப் பட்டறையில் பெண்கள் கை மாட்டிக்கொள்கிறது. தலைமயிர் சுற்றிக்கொள்கிறது. பழைய எண்ணெய் தரையெல்லாம் வழிகிறது. குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை. எச்சில் தொட்டியும் இல்லை. ஐயா அவர்கள் நேரில் வந்து பார்வையிட வேண்டும்.'

இதை எந்த மேஜையில் யார் பிரித்தார்களோ, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பேன். பத்து நாள் கழித்து ஒரு சுகாதார அதிகாரி வந்து சேர்ந்தார். கையில் மாதிரி எடுப்பதற்குச் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். முன்னறையில் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து முதலாளியை விசாரித்தார்.

"எத்தனை வகை முறுக்கு போடறீங்க?"

"ரெண்டிழை, மூணிழை. ஆர்டரைப் பொறுத்துங்க."

"எண்ணெய் எப்ப மாத்துவீங்க?"

"எங்கீங்க மாத்தறது? கறுப்பா அழுக்கு வந்தா துணியால தொடச்சிட்டு அதுமேலயே ஊத்திருவோம்."

அதிகாரி குறித்துக்கொண்டார். அதன் அடியில் இரண்டு கோடு போட்டார்.

"எங்க வேக வெக்கறீங்க?"

"வேக வெக்கறது இங்க இல்லீங்க, சாயக்காரர் வூட்ல. சோப்புத் தண்ணியில போட்டு நல்லா கொதிக்க விடுவாங்க."

"சோப்புத் தண்ணியிலயா?"

"அப்பத்தாங்க பளபளன்னு வரும். கையில எடுத்தா மெத்துன்னு இருக்கும்."

"இதை யார் வாங்கறாங்க?"

"கல்யாண வூட்டுக்காரங்கதாங்க அதிகம்."

அதிகாரி தண்ணீர் கேட்டார். பிறகு மூடியில்லாத பானையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கிலோ என்ன விலை என்று கடைசியாகக் கேட்டார். முதலாளி அன்றைய பட்டு விலையைச் சொன்னதும் அவர் புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டுபோய் மிஷின்களைக் காட்டினேன். ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளியும் விஷயம் புரிந்து சிரித்தார். நூல் முடிந்துகொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சிரித்து முடித்து மனுவை மறுபடி படித்த அதிகாரி, முதல் வரியில் நின்றுவிட்டார். "கை மாட்டிக்கொள்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடு மிஷினின் காலி மணையைப் பார்த்தார். அதன் பின்னால் ஓடிய பெல்ட்டைப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இது என் இலாகா இல்லைப்பா. ஆனா யார் இலாகாவோ அவங்க கையில நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

கொடுத்தும் விட்டார். அந்த நல்ல மனிதர் எங்கிருந்தாலும் அவர் வீட்டு முறுக்கு மொறுமொறுவென்று இருக்கட்டும்.

முதலாளி அடுத்த பதினைந்து நாளும் இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. ஷரத்து மனு போட்டு முறுக்கு ஆபீசரை வரவழைத்த வரலாறு வாலாஜாபாத் வரைக்கும் பரவியது. அந்த வெற்றிக் களிப்பில் முதலாளிக்கு ஷரத்துவின் மேல் இருந்த கோபமெல்லாம் போய், ஒரு பாசமே வந்துவிட்டது.

புரட்டாசியில் ஒரு நாள் உண்மையான தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், கையில் குடை. பெல்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் பதிவேட்டை வாங்கி எண்ணினார். லீவில் இருக்கிற தனகோட்டியையும் சேர்த்து ஒன்பது.

"கரண்டுல ஓடற எடத்துல பத்துப் பேர் இருந்தாத்தான் அது தொழிற்சாலை. ஒன்பது பேருக்கு என் சட்டம் வராது."

முதலாளி பணிவாகக் கும்பிட்டார். ஒன்பதாம் நம்பர் ராசியின் ரகசியம் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

ஷரத்து கம்போசிங் வேலையை அப்படியே போட்டுவிட்டு, விரலெல்லாம் மையோடு, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். பின்னாலேயே நான். இன்ஸ்பெக்டர் பஸ் படியில் காலை வைத்துவிட்டார்.

"சார், ஒம்போது பேருன்னா கைய முறிச்சிக்கலாமா சார்?"

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் வருத்தம்தான்யா. பன்னெண்டு மாசத்துல ஏதாவது ஒரே ஒரு நாள் பத்துப் பேர் வேலை பார்த்திருந்தாக்கூடப் போதும். சம்பளம் வாங்கணும்னுகூட இல்லை. மிஷினைத் துடைக்கிறவனும் தரையைப் பெருக்கறவனும் தொழிலாளிதான். ஆனா நான் கண்ணால பாக்கணும்."

"மறுபடி எப்ப சார் இந்தப் பக்கம்?"

"ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு வரேன். அப்படியே இங்கயும் எட்டிப் பாக்கறேன்" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

ஷரத்து வீட்டுக்கு ஓடிச் சுவரில் இருந்த காகிதத்தை விரலால் தடவினார். மேல் மூலையில், அதாவது தலைகீழாகப் பார்த்தால் கீழ் மூலையில், கொசு முட்டை போட்டாற்போல நாலு வரி. தொழிற்சாலை என்றால் எது, தொழிலாளி என்றால் யார் என்கிற விளக்கம். இன்ஸ்பெக்டர் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது.

"ஐய, நானே கோத்தேன்பா இத்த. இடம் பத்தலன்னு பொடி எழுத்துல போட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் உடம்பெல்லாம் பரபரவென்று ஆகிவிட்டது. பத்தாவது ஆள் யார் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய்க் கைகட்டி நின்றார். "உங்க பேர்ல மனு போட்டது மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. பூஜைக்குத் தரையப் பெருக்கி, மிஷினெல்லாம் நான் தொடச்சிக் குடுக்கறேன். கூலி வாணாம்." கூலி வேண்டாம் என்ற வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் முதலாளி நெகிழ்ந்துபோனார்.

ஆனால் ஒன்பதாவது ஆள் வேண்டுமே. தனகோட்டி வீட்டுக்குப் போனோம்.

"பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் மிஷின் ஓடும்மா. அந்த அரை நாள் நீ வந்து உக்காரணும். நீ வந்தாத்தான் நான் பத்து."

அவள் வளைந்த விரல்களைத் தடவிக்கொண்டே கேட்டாள். "கூண்டு இல்லாத பெல்ட்டுகிட்டயா?"

"நான் பின்னாலயே பெருக்கிக்கினு இருப்பேன். ஒங்கிட்ட வரணும்னா அது என்னத் தாண்டித்தான் வரணும்."

சட்டம் பேசாமல் ஷரத்து பேசிய ஒரே பேச்சு அதுதான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த நாளும் வந்தது. தனகோட்டி சேலையை இழுத்துச் செருகி, தலைமுடியை முண்டாசுக்குள் அடக்கி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். கை நூலில், கண் பெல்ட்டில். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை ஷரத்து அவளுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருந்த மூன்றடி இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாய்யா, ஒரே எடத்தையே பெருக்கிக்கினுகீறே?" என்றார் முதலாளி.

"அழுக்கு போவலீங்க."

நான் பதிவேட்டில் பத்தாவது பெயரை எழுதினேன். ஷரத்து என்று எழுதாமல் அவருடைய நிஜப் பெயரையே எழுதினேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாகியும் குடையைக் காணவில்லை. பன்னிரண்டுக்கு மோட்டாரை நிறுத்திவிட்டால் எல்லாம் வீண். முதலாளி வழக்கம்போலப் பொரிகடலைப் பொட்டலங்களைத் தட்டில் அடுக்கினார். எங்கள் பட்டறையில் பூஜைப் பொரி முந்தின நாளே கொடுத்துவிடுவது வழக்கம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குடை உள்ளே வந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி உற்சாகமாக வரவேற்றார். வந்த விருந்தாளிக்கு எதிரில் தாராளத்தைக் காட்ட வேண்டாமா? பொட்டலத்தை ஒவ்வொன்றாக எடுத்து, உரக்க எண்ணிக்கொண்டே கொடுத்தார். தனகோட்டிக்குக் கொடுத்தது எட்டு. எனக்குக் கொடுத்தது ஒன்பது. அங்கே நிறுத்தியிருந்தால் வரலாறே வேறு. துடைப்பத்தோடு நின்ற ஷரத்துவைப் பார்த்தார்.

"இந்தாய்யா, நீயும் வாங்கிக்க. காலையிலேந்து வேல செய்யறியே. பத்து."

"எத்தனை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பத்துங்க. நம்ம பட்டறையில வேல செய்யற ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டேங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். மோட்டார் சத்தத்தையும் மீறி யாரோ ஒருவர் பொரியை மெல்லுகிற சத்தம் கேட்டது. முதலாளி கையில் இருந்த காலித் தட்டையும், தட்டிலிருந்து ஷரத்துவையும், ஷரத்துவிடமிருந்து பேனாவையும் பார்த்தார். அவர் முகத்தில் ஓடிய வண்ணங்களைச் சாயக்காரர்கூடக் கலந்திருக்க மாட்டார்.

கூண்டு போட உத்தரவு எழுத்தில் வந்தது. தமிழ்நாட்டிலிருந்தேதான் வந்தது. தனகோட்டியின் இடத்துக்குப் புது ஆள் பேச்சை முதலாளி எடுக்கவில்லை. தீபாவளிக்கு முன்னாலேயே எல்லாப் பெல்ட்டுக்கும் கம்பி வலை அடித்தாகிவிட்டது. முதல் நாள் மோட்டாரைப் போட்டதும் வேலை பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தனகோட்டியையே பார்த்தோம். அவள் வலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். மணையில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். இரண்டு இழை முடிந்தாள். பிறகு மெல்லத் திரும்பி, பெல்ட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஷரத்து அச்சாபீசுக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று அவர் கோத்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரும் மாமனார் பெயரும் இடம் மாறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் பதிவு நம்பர் வந்தது. அதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டினார். 'அரசாங்கத்தில் பதிவு பெற்ற தொழிற்சாலை' என்று பார்த்ததும் பெரிய பெரிய பட்டு வியாபாரிகள் வந்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்கள். அந்தத் தெருவில் வேறு யாருக்கும் இல்லாத பெருமை அது. இனி இது தொழிற்சாலையாகவே நீடிக்க வேண்டும். ஆனால் பத்தாவதாக ஒருவரை நிரந்தரமாகச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வருஷம் ஆயுத பூஜை நெருங்கியபோது அவரே ஆள் அனுப்பினார்.

"அந்த ஷரத்தைக் கொஞ்சம் வரச் சொல்லுப்பா. ஒரு நாள் பெருக்கிட்டுப் போவட்டும்."

அப்படியாக ஷரத்து வருஷத்துக்கு ஒரு நாள் தொழிலாளி ஆனார். அன்றைக்கு அச்சாபீசுக்கு லீவு. தும்பைப்பூ மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு வருவார். பெருக்குவது என்னவோ ஒரு மணி நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் ஒவ்வொரு கம்பி வலையையும் ஆட்டிப் பார்ப்பதும், எச்சில் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும்தான். அவரைவிட மோசமாகப் பெருக்குகிற ஆளை நான் பார்த்ததில்லை. அவர் போன பிறகு தனகோட்டி இன்னொரு தடவை பெருக்குவாள்.

ஒரு வருஷம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் அவரைப் பார்த்துவிட்டு, "யாருக்கா அந்தப் பெரியவரு? வருசத்துக்கு ஒரு நாள் வந்து நாலு எடம் பெருக்கிட்டுப் போறாரே?" என்று கேட்டாள். தனகோட்டி நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எங்கூட வேல செய்யறவரு."

எனக்கும் அவர் அப்படித்தான். அந்த ஒரு நாள் காலையில் மட்டும் நான் எல்லோருக்கும் முன்னால் போய், கதவைத் திறந்துவைத்து, எதிர் வரிசையைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன்.